எட்டு விநாடிப் பாட்டு

ஜூபிலி மலரொன்றில் எழுதப் புகுவோர் தம் காலத்து அதிபரையும் ஆசிரியர்களையும் நினைவுகூர்தல் மரபு. விளையாட்டில் வென்ற கிண்ணங்களையும் பரீட்சையிற் பெற்ற சித்திகளையும் எடுத்துரைத்தலும் மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, 1982ஆம் ஆண்டில் எமது கல்லூரிப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நான் இழைத்த பிழையொன்றை இங்கு எழுதத் துணிகின்றேன். பிழை இரண்டு எனல் பொருந்தும். ஒன்று ஒரு மின்சுற்றிலே நேர்ந்தது. அதனை ஒரேயொரு தடையி தீர்த்து வைத்தது. மற்றையது ஒரு மாணவனுக்குச் செய்தது. அது இன்றுவரை தீரவில்லை.

அவ்வாண்டு விஞ்ஞானப் பொருட்காட்சிக்கென உயர்தர வகுப்பு மாணவர் பல குழுக்களாகப் பிரிந்து உழைத்தனர். எங்கள் குழுவிலே நால்வர் இருந்தோம். ஏவல் கேட்பதற்கும் பற்றறி இணைப்பதற்குமாகக் கீழ்வகுப்பு மாணவன் ஒருவனையும் சேர்த்துக் கொண்டோம். மெலிந்த தேகமும் மெல்லிய குரலும் உடையவன். எங்களை 'அண்ணை' என்றன்றி அழையான். கேட்டாலொழியப் பேசமாட்டான், ஆயின் பார்த்ததை மறவான். குழுவுக்குத் தலைவனென்று நானே என்னை நியமித்துக் கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்ய எடுத்துக்கொண்ட கருவி மிகச் சிறியது. ஒலிப்பதிவுக் கருவியொன்றிலிருந்து வரும் நலிந்த மின்குறியைப் பதினொரு மடங்காக்கி, காதிற் பொருத்தும் ஹெட்போனிற் கேட்கச் செய்வதே நோக்கம். கசற்றிலே நாதஸ்வர இசை பதிவாகியிருந்தது. கருவியின் உயிர்நிலை 741 என்னும் எண்ணுடைய ஐ.சி. ஒன்றாகும். இன்றைய பாடநூல்கள் இவ்வகையினைச் செயற்பாட்டு விரியலாக்கி என வழங்கும். ஆய்வுகூடத்து வழக்கில் அது ஒப்-அம்ப்.

இளைய வாசகர் பொருட்டு அதன் வரலாற்றைச் சில வரிகளிற் சொல்லிவிடுகின்றேன். 1927ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆந் திகதி காலை, ஹரல்ட் பிளாக் என்னும் அமெரிக்க எந்திரவியலாளர் நியூயோர்க்கிலே தம் பணிமனைக்குப் படகிற் சென்றுகொண்டிருந்தார். விரியலாக்கியின் பயப்பில் ஒரு பகுதியை எதிரிடையாகப் பெய்ப்புக்குத் திருப்பினால், நயம் குறையினும் திரிபு நீங்கும் என்னும் உண்மை அவருக்கு அப்படகிலேயே தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே அவர் அதனை எழுதி வைத்தார். மறைப் பின்னூட்டல் பிறந்த கதை இது. அதன்மேல் எழுந்த ஒருவகை விரியலாக்கிக்கு 1947இல் ரகசீனியும் அவர் துணைவரும் 'செயற்பாட்டு விரியலாக்கி' என்ற பெயரை வழங்கினர். வால்வுகளால் ஆகியிருந்த அது, பின்னர் திரான்சிற்றர்களால் ஆயிற்று. 1968இல் பெயார்ச்சைல்ட் கம்பெனியார் வெளியிட்ட 741இலே, ஏறத்தாழ இருபது திரான்சிற்றர்கள் நெல்மணியினும் சிறிய சிலிக்கன் துண்டொன்றில் அடங்கின. எட்டுக் கால்களுடைய கரும்பூச்சி போன்ற அவ்வுருவைக் கண்ட மாணவர் மறவார்.

சுற்றினை அமைத்தற்குப் பிரெட்போட் ஒன்று கிடைத்தது. பிறநாட்டிலிருந்த உறவினர் ஒருவர் ஒரு நண்பனுக்கு அனுப்பியது. பெயரைக் கேட்டவுடன் 'பாண் வெட்டும் பலகையோ' என்று நாங்கள் சிரித்தோம். உண்மையில் அப்பெயர் அப்படியே வந்தது. வானொலி தோன்றிய காலத்து ஆர்வலர்கள், வீட்டில் பாண் வெட்டும் மரப்பலகையின் மேல் ஆணி அறைந்து தம் சுற்றுக்களைக் கட்டினராம். எங்கள் கைக்கு வந்தது ஆணி வேண்டாத பலகை. நூற்றுக்கணக்கான துளைகள், நிரைக்கு ஐந்து துளைகள் அடியிலுள்ள உலோகப் பட்டியொன்றால் இணைந்திருக்கும். கம்பியைச் செருகினால் இணைப்பு; இழுத்தால் விடுதலை. ஈயம் உருக்கிப் பொருத்தும் வேலை இல்லை.

படம் ஓர் ஆங்கில வானொலிச் சஞ்சிகையிற் கிடைத்தது. ஒன்பது வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைந்திருக்கும். அவை சந்திக்கும் இடமே புவித்தொடுப்பு. ஏழாங் காலுக்கு நேர் 9 வோல்ற்று, நான்காங் காலுக்கு மறை 9 வோல்ற்று. ஆறாங் காலாகிய பயப்பிலிருந்து நேர்மாற்றும் பெய்ப்பாகிய இரண்டாங் காலுக்கு 100 கிலோ ஓம் தடையி. இரண்டாங் காலிலிருந்து புவிக்கு 10 கிலோ ஓம் தடையி. மின்குறி மூன்றாங் காலிற் புகும். நயம், ஒன்றுடன் நூறின்கீழ்ப் பத்தைக் கூட்டப் பதினொன்று.

படத்தை உள்ளவாறே அமைத்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமிராது. வானொலிப் பெட்டிகளின் படங்களிலே மின்குறி செல்லும் வழியெங்கும் கொள்ளளவிகள் இருக்கக் கண்டவன் நான். அவை நேரோட்டத்தைத் தடுத்து ஆடலோட்டத்தை மட்டும் விடும் என்பதும் படித்தவன். ஆகவே ஒலிப்பதிவுக் கருவிக்கும் மூன்றாங் காலுக்கும் இடையே 1 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றை என் சொந்த மேதாவிலாசத்தாற் சேர்த்தேன். பாதுகாப்புக்கென்று நண்பர்க்குக் கூறினேன். அவர்களும் வியந்தனர்.

பற்றறியை இணைத்தவுடன் நாதஸ்வரம் ஹெட்போனில் எழுந்தது. ஆரவாரஞ் செய்தோம். ஆரவாரம் அடங்குமுன் ஓசை கரகரத்தது. பின்னர் முற்றாக நின்றது. சொடுக்கியை நிறுத்தி மீண்டும் இட்டோம், மௌனம். ஐ.சி. எரிந்துவிட்டது என்றேன். அதனைப் பிடுங்கி, கொழும்பிலிருந்து வருவித்த மூன்றனுள் இரண்டாவதைச் செருகினோம். மீண்டும் பாட்டு, எட்டு விநாடி, மௌனம். மூன்றாவதும் அவ்வாறே ஆயிற்று.

மூன்று ஐ.சி.கள் ஒரு மாலையில் இறந்தன என்றால் கொன்றவன் யார்? பற்றறி இணைக்கும் பொறுப்பு அச்சிறுவனுடையது. பற்றறியின் முனைகள் மாறி இணைக்கப்படின் 741 எரியும் என்பது சஞ்சிகையிலே கண்ட எச்சரிக்கை. என் மனம் அவ்வெச்சரிக்கையை எடுத்து அவன்மேல் வைத்தது. அவன் இணைத்ததை ஒருமுறையேனும் நான் சரிபார்க்கவில்லை.

அவ்வேளையில் அவன் மானியின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, இந்த மூன்றாங் காலிலை முனையை வைச்சால் பாடுது, எடுத்தால் கொஞ்ச நேரத்திலை நிக்குது" என்றான். நான் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கின்றது: "அளக்கிற கருவி பாட்டுப் பாட வைக்குமோ? பற்றறியை மாறிக் கொழுவிப்போட்டுக் கதை சொல்லாதை." நண்பர்கள் சிரித்தனர். அவன் முனையை மேசைமேல் வைத்தான், கண்ணீர் விடவில்லை, புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் ஆய்வுகூடத்துக்கு வரவில்லை.

வந்தவர் எங்கள் பௌதிகவியல் ஆசிரியர். மூன்று ஐ.சி.களும் எரிந்தன என்று முறையிட்டேன். "தம்பி, குற்றஞ் சாட்டுமுன் நீர் சாட்சியை விசாரித்தீரா?" என்று கேட்டு, மானியைப் பத்து வோல்ற்று வீச்சில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றறிகள் சந்திக்கும் புவித்தொடுப்பில் ஊன்றினார். பின்னர் ஒவ்வொரு காலாக விசாரணை தொடங்கிற்று.

ஏழாங் காலில் நேர் 9. முனைகளை மாற்றிப் பிடித்து நான்காங் காலைப் பார்த்தார்: மறை 9. "பற்றறி சரியாகவே இணைக்கப்பட்டிருக்கிறது" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அடுத்தது ஆறாங் கால். அங்கே பூச்சியம் இருந்திருக்க வேண்டும். முள் காட்டியதோ மறை ஏழரை. "ஏழரைச் சனி பிடித்திருக்கிறது" என்று நகைத்தார். பயப்பு மறைப்பக்க எல்லையில் ஒட்டிக்கொண்டதால், அதாவது நிரம்பிவிட்டதால், ஓசைக்கு அசைய இடமில்லை. இரண்டாங் காலில் மறை 0.7 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு. ஏழரையைப் பதினொன்றாற் பிரித்தால் அதுவே வரும். ஆகவே இரு தடையிகளும் குற்றமற்றவை, ஐ.சி.யும் எரிந்ததாகத் தெரியவில்லை. எஞ்சியது மூன்றாங் கால்.

அதிலே முனையை வைத்தார். முள் ஒரு துடிப்புத் துடித்துப் பூச்சியத்துக்கு மீண்டது. அக்கணமே நாதஸ்வரம் எழுந்தது. முனையை எடுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எட்டு விநாடி கழிந்தது, கரகரப்பு, மௌனம். மீண்டும் வைத்தார், மீண்டும் பாட்டு. நான் சிலையானேன்.

"அளக்கும்போது மட்டும் நோய் தீருகின்றதெனில், மானி நோயாளிக்கு எதையோ கொடுக்கின்றது. எதைக் கொடுக்கின்றது?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அவரே விளக்கினார். செயற்பாட்டு விரியலாக்கியின் பெய்ப்புக்கள் மின்னோட்டத்தை உறிஞ்சுவதில்லை என்பது கணக்கிற்கு எளிதான இலட்சிய விதி. மெய்யான 741இன் பெய்ப்பிலே திரான்சிற்றர் உண்டு. அதன் அடிவாய் சிறிதளவு மின்னோட்டத்தை வேண்டும். அளவு ஏறக்குறைய 80 நனோ அம்பியர். மிகச் சிறிது, ஆயினும் அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சஞ்சிகைப் படத்தில் மின்குறி தரும் கருவியின் வழியாகவே அது வந்தது. நான் இட்ட கொள்ளளவி அவ்வழியை அடைத்துவிட்டது. வழியற்ற மின்னோட்டம் கொள்ளளவியின் ஏற்றத்தையே உண்டது.

அவர் கரும்பலகையிற் கணித்தார். 80 நனோ அம்பியரை 1 மைக்குரோபரட்டாற் பிரிக்க, விநாடிக்கு 0.08 வோல்ற்று. மூன்றாங் கால் பூச்சியத்திலிருந்து அவ்வேகத்தில் மறைப்பக்கம் சரியும். 0.68 வோல்ற்றுச் சரிந்ததும் பதினொரு மடங்கில் பயப்பு ஏழரையைத் தொடும். 0.68ஐ 0.08ஆற் பிரித்தால் எட்டரை விநாடி! எங்கள் எட்டு விநாடிப் பாட்டின் இரகசியம் கரும்பலகையில் நான்கு வரியில் வெளிவந்தது. மானியோ பத்து வோல்ற்று வீச்சில் 200 கிலோ ஓம் தடையுடையது. அதன் முனை பட்டவுடன் அம்மின்னோட்டத்துக்குப் புவியிலிருந்து ஒரு வழி திறந்தது, சுற்று உயிர்பெற்றது.

ஐ.சி. மாற்றியபோதெல்லாம் பாட்டு வந்ததற்கும் காரணம் புலனாயிற்று. பிடுங்கிச் செருகும்போது எங்கள் விரல்கள் கால்களிற் பட்டுக் கொள்ளளவியை இறக்கின. அதனால் ஒவ்வொரு ஐ.சி.யும் புதிதாய் எட்டு விநாடி வாழ்ந்து இறந்ததுபோலத் தோன்றிற்று. சொடுக்கியை மட்டும் நிறுத்தி இட்டபோது கொள்ளளவியிலே பழைய ஏற்றம் நின்றது, ஆதலின் மௌனம். பொய்ச்சாட்சி எத்துணைப் பொருத்தமாகப் பேசுகின்றது, பாருங்கள்!

மூன்றாங் காலுக்கும் புவிக்கும் இடையே 100 கிலோ ஓம் தடையி ஒன்றைச் செருகினார். 80 நனோ அம்பியர் அதன் வழியே செல்ல, 8 மில்லிவோல்ற்று விழும். பதினொரு மடங்கில் 88 மில்லிவோல்ற்று. அது பாட்டுக்கு இடையூறாகாது. 'இறந்த' ஐ.சி.கள் மூன்றையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தோம். மூன்றும் கசற்று முடியும் வரை பாடின. கொலையே நிகழவில்லை, கொலைகாரனும் இல்லை.

இங்கே என் இரண்டாம் பிழையின் ஆழம் தொடங்குகின்றது. ஆசிரியர், "மானி வைத்தால் வேலை செய்யும் என்பதை உங்களில் ஒருவரும் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார். நண்பர்கள் என்னைப் பார்த்தனர். நான், "இல்லை, சேர்" என்றேன். இரண்டே சொல். ஒருவன் கவனித்தான்; சொன்னான்; அவனை நான் துரத்தினேன் என்று கூறுதற்கு இன்னும் சில சொற்களே வேண்டியிருந்தன. அவை என் வாயில் வரவில்லை.

பொருட்காட்சி நாளில் எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நான் அந்த 100 கிலோ ஓம் தடையியைக் கழற்றிக் காட்டினேன். எட்டு விநாடியில் பாட்டு நின்றது. மானியை வைத்துக் காட்டினேன், பாட்டு வந்தது. கணக்கையும் எழுதி விளக்கினேன். பெற்றோர் வியந்தனர், பாராட்டினர். மேசைமேல் இருந்த அட்டையிலே நான்கு பெயர்கள் இருந்தன. அவன் பெயர் இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் அவன் நின்றதைக் கண்டேன். மானியை நான் தூக்கிய பொழுது அவன் என்னை நோக்கினான். கோபமென்று சொல்லத்தக்க எதுவும் அந்நோக்கில் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலேசாயிருக்கும். தான் சொன்னது சரியென்று அறிந்த ஒருவனது அமைதியே அதிலிருந்தது. சிறிது நேரத்தில் அவ்விடத்தில் அவன் இல்லை.

நாளை சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று தள்ளினேன். பரீட்சை வந்தது; கல்லூரியை விட்டேன். 1983க்குப் பின் நிகழ்ந்தவற்றை இம்மலரின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஒரே வாங்கிலே இருந்தவர்கள் கண்டங்கள் பலவற்றிற்குச் சிதறினர். அவனைப் பற்றிப் பலரிடம் விசாரித்தேன். தெளிவான விடை கிடைக்கவில்லை.

பின்னாளில் என் தொழிலும் மின்சுற்றுக்களோடு அமைந்தது. பழுதென்று வந்தவற்றுள் எத்தனையோ ஐ.சி.கள் குற்றமற்றனவாய் இருந்தன. ஆதலின் இன்று எமது ஆய்வுகூடத்திற் பயிலும் தம்பிமாருக்குச் சிலவற்றைச் சொல்லும் உரிமை எனக்குண்டென எண்ணுகின்றேன். சுற்று இயங்காவிடின் முதலில் எதையும் பிடுங்காதீர்கள். புவித்தொடுப்பு எதுவென்று தீர்மானித்து, ஐ.சி.யின் கால்களிலேயே மின்வழங்கலை அளந்து பாருங்கள். பற்றறியில் அளத்தல் போதாது. பிரெட்போட்டின் ஓரத்தே ஓடும் மின்வழங்கற் பட்டி, பல பலகைகளில் நடுவிலே துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் மின் உண்டு, மறுபாதியில் இல்லை. ஐ.சி.யின் வெட்டுப்பக்கத்தைப் பார்த்து முதலாங் காலை அறிந்தபின் எண்ணுங்கள். தடையியின் நிறவளையங்களில் செம்மஞ்சளையும் பச்சையையும் மயங்கினால் 10 கிலோ ஓம் 1 மெகா ஓம் ஆகிவிடும். பின்னர் பயப்பை அளவுங்கள். அது இரு எல்லைகளுள் ஒன்றில் ஒட்டியிருப்பின், இரு பெய்ப்புக்களையும் ஒப்பிடுங்கள். இறுதியாக, ஒவ்வொரு பெய்ப்பிலிருந்தும் நேரோட்டத்துக்குப் புவிவரை ஒரு வழி உண்டோ என்று படத்திலே விரல் வைத்துத் தேடுங்கள்.

இக்காலத்து ஐ.சி.கள் பலவற்றின் பெய்ப்பிலே புல விளைவுத் திரான்சிற்றர் இருத்தலின், அவை வேண்டும் மின்னோட்டம் பிக்கோ அம்பியர் அளவினதே. அதனால் வழி வேண்டாமென்று எண்ணற்க. எங்கள் சுற்றில் எட்டு விநாடியில் வெளிப்பட்ட பிழை, அவற்றிலே சில மணி நேரங் கழித்து வெளிப்படும். மேசைமேல் நன்றாயிருந்தது, பொருட்காட்சி மண்டபத்திற் கூட்டம் கூடியபின் நிற்கும். விரைவில் வெளிப்படும் பிழை நமக்கு நண்பன். தாமதித்து வெளிப்படுவதே பகைவன்.

இது மின்சுற்றுக்கு மட்டும் பொருந்துவதன்று. என் பிழையும் அன்றே வெளிப்பட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். "சேர், இதை முதலிற் கண்டவன் அந்தத் தம்பி" என்று நான் சொல்லியிருந்தால், அட்டையில் ஐந்தாவது பெயரொன்று ஏறியிருக்கும். அவ்வளவே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது என்னுள்ளே மெல்ல மெல்ல ஏற்றமடைந்து வந்துள்ளது.

இம்மலர் கடல் கடந்தும் பழைய மாணவர் கைகளைச் சேரும் என்று மலர்க்குழுவினர் கூறினர். அந்த நம்பிக்கையிலேயே இதனை எழுதினேன். தம்பி, உன் பெயரை இங்கு எழுத எனக்கு உரிமையில்லை. உன் அனுமதி பெறவில்லை. ஆயின் இதை நீ வாசித்தால், மூன்றாங் காலிலே முனையை வைத்தவன் நீயே என்பதை நீயும் அறிவாய், நானும் அறிவேன். இனி இம்மலரை வாசிப்போர் அனைவரும் அறிவர். நீ பற்றறியைச் சரியாகவே இணைத்திருந்தாய். என்னை மன்னிக்க வேண்டும்.

ஆய்வுகூடத்துப் பொறுப்பாசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். மாணவர்க்கு இச்சுற்றினை எப்போதாவது செய்து காட்ட நேரின், மூன்றாங் காலிலிருந்து புவிக்குச் செல்லும் அந்தத் தடையியைச் சுட்டிக்காட்டி, இதன் தேவையை எமது கல்லூரியில் முதலிற் கண்டவன் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் என்று ஒரு வார்த்தை சொல்வார்களாக.